முனிரத்தினத்தின் கல்யாண வீடு

முனிரத்தினம் மேடையில் ஒரு ஐட்டத்தைக்கூட முழுசாக முடித்ததில்லை. சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் காலை பத்து மணிக்கு நின்றால், சாப்பாட்டு நேரம் போக இரவு எட்டு மணி வரை உட்காராமல் புடவை விரித்துக் காட்டுகிற ஆள். முடிக்க விடமாட்டேன் என்கிறார்கள், அதுதான் சங்கதி. பத்தொன்பது வருஷமாகப் பல குரலில் பாடி ஜனங்களைச் சிரிக்க வைக்கிறான். பத்தொன்பது வருஷமாக யாராவது ஒரு புண்ணியவான் மேடை ஓரத்தில் வந்து நின்று, போதும் என்று கையைக் காட்டிவிடுகிறான்.

சின்ன காஞ்சிபுரத்துப் பூவராகவன் நடத்துகிற இன்னிசைக் குழுவில்தான் இவன் இருக்கிறான். கல்யாண வரவேற்பு, காது குத்து, கோயில் திருவிழா என்று முகூர்த்த மாதங்களில் வாரம் மூன்று கச்சேரிகூட வரும். குழுவில் பாடகர்கள் உண்டு, கீபோர்டு வாசிக்கிற கிறிஸ்டோபர் உண்டு, தபேலா, பேடு எல்லாம் உண்டு. அவர்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்கியிருக்கும். முனிரத்தினத்துக்கு இடைவெளி மட்டும்தான். பாடகி சத்யப்ரியா தண்ணீர் குடிக்கப் போனால், மைக் கரகரவென்று இழுத்தால், மாப்பிள்ளையின் மோதிரம் தொலைந்துபோய் எல்லோரும் மேடைக்கு அடியில் குனிந்து தேடினால், பின்னாலிருந்து பூவராகவனின் குரல் வரும்: "முனீ, கேப்பு! ஓடு, ஓடு!"

ஓடுவான். மைக்கைப் பிடித்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. ஜோடிப் பாட்டில் ஆண் குரலும் அவனே, பெண் குரலும் அவனே. நாடகத்து ராஜா ஒருவர் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டுச் சில்லறை இல்லாமல் உச்ச ஸ்தாயியில் புலம்புவதைப் பாடுவான். பருப்பு வரவில்லை என்பதை ரேஷன் கடைக்காரர் சோக ராகத்தில் இழுத்து இழுத்துச் சொல்வதைப் பாடும்போது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சிரிப்பு நன்றாகப் பற்றிக்கொள்கிற நேரம் பார்த்து மோதிரம் கிடைத்துவிடும். அவ்வளவுதான். எம்எல்ஏ வந்துவிட்டார், நிறுத்து. பந்தி ரெடி, நிறுத்து. மாப்பிள்ளையின் மாமா ஆட ஆசைப்படுகிறார், குத்துப் பாட்டு போடணும், நிறுத்து. ஒரு காது குத்தில் குழந்தை அழுகிறது என்று இவனைப் பாடச் சொன்னார்கள். ஒரே நிமிஷத்தில் குழந்தை அழுகையை நிறுத்தியது. இவனையும் நிறுத்திவிட்டார்கள்.

வயிறு எரியாதா மனுஷனுக்கு? ஒருமுறை சென்னையில் ஏதோ ஒரு டிவியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஆறு மணி பஸ்ஸில் போனான். மாலை நாலு மணிக்கு உள்ளே கூப்பிட்டு, ஆளுக்கு ஒன்றரை நிமிஷம் என்றார்கள். முனிரத்தினம் தொண்டையைச் செருமி, வணக்கம் வைத்து, ஊர் பேர் சொல்லி, முதல் குரலை எடுத்து இரண்டாவது குரலுக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவி நதியாவிடம் கத்தினான்: "ஆரம்பம் மட்டும் போதுமாம் எல்லாருக்கும்! முடிவு எவனுக்கும் வேணாம்!"

முடிவு என்று அவன் சும்மா சொல்லவில்லை. அவன் கைவசம் ஒரு ஐட்டம் இருந்தது. பெயர் 'கல்யாண வீடு'. இருபத்தாறு நிமிஷம், பதினேழு குரல், அத்தனையும் பாட்டு. விடியற்காலையில் கோலம் போடுகிற அத்தையின் முணுமுணுப்பில் ஆரம்பிக்கும். சமையல்காரர் கத்தரிக்காய் இன்னும் வந்து சேரவில்லை என்பதை ராகம் போட்டுப் பாடுவார். பெண்ணின் அப்பா, சம்பந்தி, வீடியோக்காரன், நாயனக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். கடைசியில் பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு வீடே அழும். வயிறு வலிக்கச் சிரித்த ஜனத்தை அந்த இடத்தில் கண்ணீர் விட வைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஐட்டம். 

ஆனால் எட்டாவது நிமிஷத்தைத் தாண்டி எந்த மேடையும் இவனை விட்டதில்லை. அத்தை, சமையல்காரர், அப்பா, இந்த மூன்று பேரையும் நூற்றுக்கணக்கான தடவை பாடியாகிவிட்டது. எந்த வார்த்தைக்கு எந்த வரிசையிலிருந்து சிரிப்பு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். மீதிப் பேர் பல வருஷமாக மனசுக்குள்ளேயே கிடந்து புழுங்கினார்கள்.

இதனால் இவனுக்கு வாய் நீண்டுவிட்டது. பூவராகவனுக்குப் பொறாமை, சத்யப்ரியாவுக்குத் தலைக்கனம், ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று யார் கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு புலம்புவான். "என்னை ஒரே ஒரு வாட்டி முடிக்க வுட்டிருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்" என்று இவன் ஆரம்பித்தால், கடையில் கூட வேலை செய்கிறவர்கள் ஸ்டாக் பார்க்கிற சாக்கில் மாடிக்கு ஏறிவிடுவார்கள்.

நதியா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட்டுக்கு நடுவே நேரம் பண்ணிக்கொண்டு நாலு தடவை கச்சேரிக்கு வந்தாள். நாலு தடவையும் பாதியில் நிறுத்தினார்கள்.

"அந்தக் கத்தரிக்காயாவது கடைசில வந்துச்சா, இல்லியா? அதையாவது சொல்லு மாமா" என்று கேட்பாள்.

"சொல்ல மாட்டேன். மேடையில பாத்துக்கோ" என்பான் இவன்.

இப்படி இருக்கையில்தான் போன மாசி மாதம் மாணிக்கவேல் கடைக்கு வந்தார். மாகறல் போகிற வழியில் ஒரு கிராமத்தில் நிலபுலம் உள்ளவர், அந்த ஊர்க் கோயில் விழாக்குழுத் தலைவர். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். முனிரத்தினம் ஒரு புடவையை விரித்து, மாமியார் குரலில் அதன் பார்டரைக் குறை சொல்லிப் பாடினான். மருமகள் குரலில் முந்தானையைப் புகழ்ந்து பதில் பாடினான். மாணிக்கவேல் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கவுண்டர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"யோவ், நீ இன்னா புடவை விக்கிறியா, கச்சேரி பண்றியா? எங்க ஊர் திருவிழாவுக்கு வர்றியா?"

"வர்றேண்ணா. ஆனா பாதில நிறுத்தக் கூடாது."

"எவன் நிறுத்துவான்? நான்தான் தலைவரு. சாயங்காலம் ஆறரைக்கு மைக்க உன் கைல குடுக்கறேன். ஏழே கால் மணிக்கு சாமி பொறப்பாடு. அது வரிக்கும் உன்னுது."

நோட்டீஸ் அடித்து வந்தது. 'பலகுரல் பாடகர் முனிரத்தினம் வழங்கும் கல்யாண வீடு' என்று தனி வரியில் போட்டிருந்தார்கள். நோட்டீஸில் தன் பெயரை முனிரத்தினம் அன்றுதான் முதலில் பார்த்தான். "இந்த வாட்டியும் முடிக்க வுடலேன்னா இத்தோட மைக்கத் தொட மாட்டேன். உன் மேல சத்தியம்" என்று நதியாவின் தலையில் கை வைத்தான். "என் மேல ஏன்யா? உன் மேலயே பண்ணிக்க" என்று கையைத் தட்டிவிட்டாள் அவள். ஆனாலும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் மேடை. சாமி நிலைக்கு வந்த பிறகு பூவராகவன் குழுவின் கச்சேரி, அதனால் குழுவும் வந்திருந்தது. நானூறு பேர் இருப்பார்கள். சொன்னது சொன்னபடி ஆறரைக்கு மைக் கைக்கு வந்தது. அத்தை கோலம் போட்டாள், சிரிப்பு. சமையல்காரர் கத்தரிக்காய்க்கு ராகம் போட்டார், பெரிய சிரிப்பு. பெண்ணின் அப்பா மண்டபத்துச் சாவியைத் தேடிக்கொண்டு பாடினார், ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து நழுவினார். எட்டாவது நிமிஷம் வந்தது. பழக்கத்தில் முனிரத்தினம் ஓரக்கண்ணால் மேடை ஓரத்தைப் பார்த்தான். யாரும் இல்லை. ஒன்பது, பத்து. சம்பந்தி சண்டைக்கு வந்தார். பன்னிரண்டு. வீடியோக்காரன் எல்லோரையும் சிரிக்கச் சொல்லிப் பாடினான்.  நாயனக்காரரின் இடம் வந்துவிட்டது.

அந்த இடத்தில் இவன் பெரிய வேலை ஒன்று செய்து வைத்திருந்தான். மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு காரிலிருந்து மெல்ல மெல்ல இறங்குகிறார். காலையிலிருந்து ஒரு காபி கூடக் கிடைக்காத கடுப்பில் இருக்கிற நாயனக்காரர், இவர் பெரிய சாமி என்று கிண்டலாக மல்லாரியை எடுத்து ஊதுகிறார். மல்லாரி என்பது சாமி கோயிலை விட்டுப் புறப்படும்போது வாசிப்பது. கல்யாணத்தில் யாரும் வாசிக்க மாட்டார்கள், அதுதான் ஜோக். முனிரத்தினம் பிறந்து வளர்ந்தது பெரிய காஞ்சிபுரத்தில். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கோயிலில் ஏதாவது ஒரு புறப்பாடு. மல்லாரி இவன் ரத்தத்தில் ஊறிப் போயிருந்தது.

மூக்கும் தொண்டையும் சேர்த்து நாயனத்தை எடுத்தான். நாக்கைச் சுழற்றித் தவிலையும் கூடவே கொண்டுவந்தான். ஐயோ, அன்றைக்கு அமைந்த மாதிரி அது என்றைக்குமே அமைந்ததில்லை. கோயில் மதிலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலும் அதுவே போனது. முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான், அதாவது பாடினான்.

கண்ணைத் திறந்தபோது நானூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஆஹா என்று நினைத்தான் பாவம். அடுத்த கணம் அவர்கள் இவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். கோயில் பக்கம் பார்த்துக் கை குவித்தார்கள். "சாமி பொறப்பட்டாச்சு! தட்டு எடு, தட்டு எடு!" என்று பெண்கள் வீட்டுக்கு ஓடினார்கள். தேங்காயும் கற்பூரமுமாகத் தெரு முனையில் கூட்டம் சேர்ந்தது. சாமி தூக்குகிற ஆட்கள் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் கோயிலுக்குள் பாய்ந்தார்கள். உள்ளே குருக்கள் இன்னும் அலங்காரமே முடிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிஜ நாயனக்காரரைப் பார்த்து ஒரு அம்மா, "அங்க நாயனம் வாசிக்கறாங்க, நீ இங்க இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கற?" என்று சத்தம் போட்டாள். அவர் மடியிலிருந்த தன் நாயனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நதியாகூட எழுந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பத்தடி போய்விட்டாள். அப்புறம்தான் உறைத்தது அவளுக்கு. திரும்பி வந்து உட்கார்ந்தாள். மேடைக்கு எதிரே இருந்த நாற்காலிகளில் அவள் ஒருத்திதான்.

மாணிக்கவேல் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ், திருவிழாவுல வந்து மல்லாரியா பாடுவ? சாமி விஷயத்துல இன்னாய்யா விளையாட்டு? காஞ்சிபுரத்துல பொறந்தவன்தான நீ? இதுகூடத் தெரியாது?"

தெரியாமல் என்ன? நன்றாகவே தெரியும். கீபோர்டு கிறிஸ்டோபருக்குத் தெரியாது என்றால் சரி, அவன் சர்ச்சுக்குப் போகிறவன். முனிரத்தினத்துக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஐட்டத்தை எழுதும்போது இவன் நினைப்பில் இருந்தது கல்யாண மண்டபம். மேடையில் இந்த இடத்துக்கு ஒருமுறையாவது வந்திருந்தால்தானே, எங்கே பாடலாம், எங்கே பாடக் கூடாது என்று தெரியும்? "மன்னிச்சுக்கங்கண்ணா" என்றான். பூவராகவன் மைக்கைப் பிடுங்கி ஆப் செய்தார்.

குருக்கள் அவசர அவசரமாக அலங்காரத்தை முடித்தார். ஏழு மணிக்கெல்லாம் நிஜ மல்லாரி கேட்டது, நிஜ சாமி புறப்பட்டது. ஊரே சாமி பின்னால் போய்விட்டது. மைதானத்தில் காலி நாற்காலிகள், மேடையில் வயர் சுற்றுகிற கிறிஸ்டோபர், முன் வரிசையில் நதியா. முனிரத்தினம் மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கோபத்தில் உதடு துடித்தது. யார் மேல் கோபம் என்று இந்த முறை அவனுக்கே தெரியவில்லை. பூவராகவனைத் திட்ட முடியாது. எம்எல்ஏவைத் திட்ட முடியாது. சாமியைத் திட்டலாம் என்றால் பயமாக இருந்தது.

"மிச்சத்தைப் பாடு மாமா" என்றாள் நதியா.

"யாருக்கு?"

"எனக்கு. நான் மனுஷி இல்லியா? பத்து வருஷமா கத்தரிக்காய் வந்துச்சான்னு தெரியாம உக்காந்துக்கினு இருக்கறேன்."

கிறிஸ்டோபரும் வயரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். மைக் இல்லாமல், எழுந்து நின்று, முனிரத்தினம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். மாப்பிள்ளை வந்தார், தாலி கட்டினார், பந்தி நடந்தது, கத்தரிக்காய் சாப்பாடு முடிந்த பிறகு வந்தது. அதற்கு நதியா சிரித்தாள். அப்புறம் கார் வந்தது. அத்தை அழுதாள், அப்பா அழுதார், சமையல்காரர் அழுதார், சண்டை போட்ட சம்பந்தியும் அழுதார், எல்லாம் தனித்தனிக் குரலில், தனித்தனி ராகத்தில். முனிரத்தினத்துக்கு நிஜமாகவே கண்ணில் நீர் முட்டியது. கடைசி வரியைப் பாடி முடித்தான். பத்தொன்பது வருஷத்தில் இன்றைக்குத்தான்.

நதியா நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடினாள். கிறிஸ்டோபர் செல்போனைப் பார்த்தான்.

"எப்படி?" என்றான் முனிரத்தினம்.

"நல்லாதான் இருக்குது."

"நல்லாதான்னா?"

"கோச்சுக்காத. முன்னாடி பாதி சூப்பரு. பின்னாடி... கத்தரிக்காயோட சரி, அதுக்கப்புறம் சிரிப்பும் வரல, அழுகையும் வரல. எல்லாரும் அழுவறாங்க அழுவறாங்க, அழுதுக்கினே இருக்கறாங்க. எனக்கு எப்படா முடியும்னு ஆயிடுச்சு."

முனிரத்தினம் கிறிஸ்டோபரைப் பார்த்தான். "இழுக்குதுடா கொஞ்சம்" என்றான் அவன் மெதுவாக.

"அது மட்டும் இல்ல" என்றாள் நதியா. "பதினேழு குரல் வருது. கல்யாணப் பொண்ணு வாயைத் தொறக்கவே இல்லியே மாமா? அவ எங்க இருக்கறா, இன்னா சொல்றா, ஒண்ணுமே இல்ல. அப்பறம் அவ போனா நான் எப்பிடி அழுவேன்?"

"பொண்ணு எதுக்குடி பேசணும்? கல்யாணத்துல பொண்ணு குனிஞ்ச தலை..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். வீடியோக்காரனுக்குக் குரல் வைத்திருந்தான். மண்டபத்துத் தண்ணீர் மோட்டாருக்குக் குரல் வைத்திருந்தான். பெண்ணுக்கு ஒன்று வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. முதல் எட்டு நிமிஷத்தில் சிரிப்பு வராத இடத்தையெல்லாம் ஜனங்களே வெட்டித் தந்திருந்தார்கள். பின்பாதி யார் கண்ணிலும் படாமல், அவன் ஒருவனுக்கு மட்டும் அழகாக இருந்துவிட்டது. ஊரில் ஒருவர் பாக்கி இல்லாமல் திட்டித் தீர்த்தது இதற்காகத்தானா? செருப்பை எடுத்துத் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது அவனுக்கு.

சாமி நிலைக்குப் போய்ச் சேர எட்டரை மணி ஆயிற்று. ஜனம் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை தட்டு தூக்கின கதையை எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நாற்காலிகள் நிறைந்தன, இடம் இல்லாதவர்கள் பின்னால் நின்றார்கள். மாணிக்கவேலுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"நிஜ சாமின்னு நம்பி ஊரே ஏமாந்துச்சு பாரு, இதுக்கு மேல இன்னாய்யா சர்டிபிகேட் வேணும் உனக்கு? வா, வந்து மிச்சத்தை முடி. வாக்கு குடுத்திருக்கேன் இல்ல?"

"வேணாம்ணா. லேட் ஆயிடுச்சு. சத்யப்ரியா பாடட்டும்."

"நான் அப்பறம் பாடிக்கறேண்ணா, நீங்க முடிங்க" என்றாள் சத்யப்ரியா. இவளுக்கா தலைக்கனம் என்று சொல்லித் திரிந்தான்! பூவராகவன் மைக்கை ஆன் செய்து, துடைத்து, இவன் கையில் திணித்தார். "நான் நிறுத்தறேன் நிறுத்தறேன்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரியறியே. இந்தா. நான் கீழ போய் உக்காந்துடறேன். பாடு." சொன்னபடியே இறங்கிப் போய் நதியாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முனிரத்தினம் மைக்கோடு நின்றான். "முடி! முடி!" என்று விசில் பறந்தது. பெண்ணைக் காரில் ஏற்றுகிற அந்த இடம் ஐந்தாறு நிமிஷத்தில் வந்துவிடும். அவளுக்கு ஒரு வார்த்தையாவது கிடைக்குமா என்று தேடினான். தொண்டை முழுக்க அத்தையும் சமையல்காரரும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டரைப் பார்த்தான், அது சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்தான், எந்தப் பிரமுகரின் காரும் வரவில்லை. வேறு வழி இல்லாமல் மாப்பிள்ளையைக் காரிலிருந்து இறக்கினான். தாலி கட்டினான். பந்தி போட்டான். கத்தரிக்காய் வந்தது, மைதானமே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் நானூறு பேரும் அடுத்தது என்ன என்று அமைதியாக இவன் வாயைப் பார்த்தார்கள். முனிரத்தினம் மேடையின் இந்த ஓரத்தைப் பார்த்தான், அந்த ஓரத்தைப் பார்த்தான். ஒருவரும் நிறுத்தவில்லை.